முதலில் ஓட்டுப் போட்ட பன்னிரண்டு பேர்

அந்த மார்கழியில் எங்கள் வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வந்த மூன்று பேரும் முதலில் என் கணவரின் கையைத்தான் பிடித்தார்கள். ஓட்டு என்னுடையது.

அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர் அவர். வண்டி ஓட்டுபவர் அவர். மீசை வைத்திருப்பவரும் அவர்தான். ஆனால் வெள்ளிமலையில் வீட்டின் முன்கட்டில் நாங்கள் நடத்தும் பந்தல், பாத்திரம், மைக்செட் வாடகைக் கடை என் பெயரில் இருக்கிறது. களமருதூரில் நெல் பயிரிடும் என் அண்ணன், என் கல்யாணத்துக்குக் கட்டிலும் பீரோவும் வாங்காமல் ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் சீராகக் கொண்டுவந்து இறக்கினார். மண்டபமே சிரித்தது. அந்த இரண்டு குழாயோடுதான் நாங்கள் மலைக்கு வந்தோம். சங்கத்தில் சேரும்போது, படிவத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். என் கணவர் அப்போது எதிர்க்கவில்லை. கூட்டத்துக்கெல்லாம் கள்ளக்குறிச்சி வரைக்கும் போய்வர வேண்டியதில்லை என்று சந்தோஷம்தான் பட்டார். உறுப்பினர் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் மாட்டியதும் அவரேதான்.

பந்தல் போடுகிறவர்கள், மைக்செட் வைத்திருக்கிறவர்கள், விளக்கு அலங்காரம் செய்கிறவர்கள், அண்டா குண்டான் வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து மாவட்டத்தில் ஒரே சங்கம். அதற்கு ஐந்து கிளைகள். பெரிய கிளை கள்ளக்குறிச்சி. சின்னது வெள்ளிமலை. மலை முழுக்கத் தேடினாலும் நாங்கள் பன்னிரண்டு பேர்தான். மாவட்டக் கூட்டத்தில் எங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது ஒரே மாதிரிதான் இருக்கும். "மலைக்காரங்களுக்கு மொதல்ல சாப்பாடு போட்டுடுங்கப்பா, பஸ்ஸு போயிடும்." அவ்வளவுதான் எங்கள் மரியாதை.

மாநில சங்கத்துக்குப் புதிதாகத் தலைவர் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. ஒரு மாவட்டத்திலிருந்து ஒருவர்தான் நிற்கலாம் என்று விதி. எங்கள் மாவட்டத்தில் மூன்று பேருக்கு ஆசை.

ஒருவர் கள்ளக்குறிச்சிப் பந்தல்காரர். இருபது வருடமாக மாவட்டத் தலைவர். அரசியல் கூட்டமோ அறுபதாம் கல்யாணமோ, பெரிய பந்தல் என்றால் அவருடைய துணிதான். இரண்டாமவர் ரிஷிவந்தியத்துக்காரர். மைக்செட் போடுவார். திருவிழாவில் "மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்தால் சாமி புறப்படும்வரை அவரே பேசிக்கொண்டிருப்பார் என்று சொல்வார்கள். மூன்றாமவர் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் சீரியல் செட்டும் விளக்கு வளைவும் வாடகைக்கு விடுகிற பாய். அவர் அதிகம் பேசமாட்டார். சங்கக் கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதெல்லாம், "அந்த ஃபேனைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்பதுதான்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கூட்டம் போட்டார்கள். ஒரே நாளில் எல்லோரும் ஓட்டுப் போட்டால் கள்ளக்குறிச்சிக் கிளையே மற்ற நான்கையும் விழுங்கிவிடும் என்று சண்டை வந்தது. அப்போது மாவட்டச் செயலாளர் எழுந்தார். அவர் சின்னசேலத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். செய்தித்தாளில் டெண்டர் அறிவிப்பைக்கூட விடாமல் படிப்பவர்.

"அமெரிக்காவுல ஜனாதிபதி தேர்தலுக்கு ஒரு கட்சியில யார நிக்க வைக்கறதுன்னு எப்டி முடிவு பண்றாங்க, தெரியுமா?" என்றார். "ஒரே நாள்ல இல்லீங்க. மாநிலம் மாநிலமா வோட்டு. மொதல்ல ஒரு சின்ன மாநிலம். நம்ம ஆளுங்க பேரே கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. அங்க போயி அத்தினி பேரும் வூடு வூடா ஏறி எறங்குவாங்க. அங்க ஜெயிச்சவனுக்கு அடுத்த மாநிலத்துல மவுசு ஜாஸ்தி. தோத்தவன் பாதியிலயே மூட்டையைக் கட்டிடுவான். நாமளும் அப்டியே சின்ன கிளையில இருந்து பெரிய கிளைக்குப் போவோம்."

எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அமெரிக்காவின் மேல் வைத்த மரியாதையில் இல்லை. பக்கத்து அறையில் இலை போட்டுவிட்டார்கள்.

இப்படித்தான், கல்யாணம் இல்லாத மார்கழியில், முதல் ஓட்டு வெள்ளிமலைக்கு வந்தது. எங்களுக்குப் பிறகு ரிஷிவந்தியம், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை, கடைசியில் கள்ளக்குறிச்சி. செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு கிளை என்று ஆரம்பித்து, தை பிறந்தால் வேலை வந்துவிடும் என்பதால் வெள்ளிக்கிழமையையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தந்த நாளே எண்ணி அந்தந்த நாளே அறிவிப்பது, அதிகக் கிளைகளில் ஜெயிப்பவரை மாநிலத்துக்கு நிறுத்துவது என்று ஏற்பாடு.

முதலில் மலையேறியவர் பந்தல்காரர். மூன்று கார்களில் வந்தார். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை வளைவுகளில் இரண்டாவது காரில் இருந்தவர்களுக்கு வயிறு புரட்டி, அந்தக் கார் மட்டும் அரை மணி நேரம் பின்னால் வந்து சேர்ந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதன் மேல் யாரிடமோ கடன் வாங்கிய ஸ்வெட்டர். கடைக்குள் நுழைந்தவர் நேராக என் கணவரின் இரண்டு கையையும் பிடித்தார்.

"தம்பி, உங்கள நம்பித்தான் மொத அடி எடுத்து வச்சிருக்கேன்."

என் கணவர் அசையாமல் நின்றார். இருபது வருடமாகச் சங்கத்து நோட்டீஸ் படத்தில் மட்டுமே பார்த்த மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "அண்ணே, நம்ம ஓட்டு உங்களுக்குத்தான்" என்றார். நம்ம ஓட்டு! நான் டீ கொண்டுபோய் நீட்டினேன். பந்தல்காரர் என் பக்கம் திரும்பாமலே டம்ளரை வாங்கி, "தங்கச்சி, சர்க்கரை போட்டிருந்தா வேற குடும்மா" என்றார். அவருடைய தலைக்கு நேர் மேலே சுவரில் என் பெயர் கண்ணாடிக்குள் இருந்தது.

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கலாம் என்று தோன்றியது.

மதியம் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். "டாக்டர் எனக்கு இதத்தான் சாப்பிடச் சொல்லிக்கினே கீறாரு" என்று சந்தோஷமாகச் சொன்னார். பிறகு பக்கத்து வீட்டில் ஓர் அம்மா சாமை குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கூட வந்தவரிடம் செல்போனைக் கொடுத்து, உலக்கையை வாங்கி நின்றார். அவர் குத்திய முதல் குத்து உரலின் விளிம்பில் பட்டது. இரண்டாவது குத்தில் பாதி சாமை தரையில் கொட்டியது. கோழிகள் ஓடிவந்தன. அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னா அண்ணே, இந்தக் கோழிங்களுக்கும் ஓட்டு கீதா?"

படம் மட்டும் நன்றாக வந்திருந்தது. சாயங்காலம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில், "மலை மக்களின் உழைப்பில் பங்கேற்ற நம் தலைவர்" என்று போட்டிருந்தார்கள். கோழிகளை வெட்டிவிட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ரிஷிவந்தியத்துக்காரர் வந்தார். பஸ்ஸில் வந்தார். பஸ்ஸில் வந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார். தோளில் பேட்டரி மைக் ஒன்று தொங்கியது. எங்கள் கடை முன்னால் நான்கு பேர்தான் நின்றிருந்தோம். அதில் ஒருவர் தேன் விற்க வந்தவர். ஆனாலும் அவர் மைக்கைப் போட்டார்.

"காரில் வந்தவர்கள் இருக்கிறார்கள். நான் உங்களோடு பஸ்ஸில் வந்தேன். ஜன்னல் சீட்டுகூட இல்லாமல் நின்றுகொண்டு வந்தேன்!"

அவர் வந்த அதே பஸ்ஸில் ஊரிலிருந்து திரும்பிய டெய்லர் பக்கத்தில் நின்றிருந்தார். "இல்லியே, டிரைவருக்குப் பின்னால சீட்ல தூங்கிக்கினு இல்ல வந்தாரு?" என்று மெதுவாகச் சொன்னார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. ரிஷிவந்தியத்துக்காரர் கொஞ்சமும் கலங்கவில்லை. கடைக்குள் வந்து என் கணவரின் கையைப் பிடித்தார்.

"நாந்தாங்க மெம்பரு," என்றேன். இந்த முறை சொல்லித்தான் பார்ப்போமே என்று.

அவர் கையைச் சட்டென்று உருவி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மறுபடியும் மைக்கைப் போட்டார். பெண்கள் ஒலிபெருக்கித் துறையில் முன்னேறுவதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். அந்த இருபது நிமிடமும் அந்தத் துறையில் இருக்கும் ஒரே பெண்ணான என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை. தேர்தலில் ஜெயித்தால் மாநில மாநாட்டை வெள்ளிமலையிலேயே நடத்துவதாகவும், மலைப்பாதை வளைவுகளை நேராக்க முயற்சி எடுப்பதாகவும் வாக்குக் கொடுத்தார். வளைவை நேராக்கினால் ரோடு எங்கே போகும் என்று தேன்காரர் கேட்டார். அதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பாய் மூன்றாவதாக வந்தார், தன் மனைவியோடு. ஓட்டுக்காக அழைத்து வந்தாரா, மலை பார்க்க வேண்டும் என்று அந்த அம்மா ஏறிக்கொண்டாரா, தெரியவில்லை. பாயும் என் கணவரின் கையைப் பிடித்து மெல்லப் பேச்சை ஆரம்பித்தார். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கடையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் கண் போனது. எழுந்து பக்கத்தில் போய் வாசித்தார்.

"ஏங்க, இங்க வாங்க. இத படிங்க."

"இரும்மா, பேசிக்கினு இருக்கேன்ல."

"அதத்தான் சொல்றேன். நீங்க யாருகிட்ட பேசிக்கினு கீறீங்க? ஓட்டு இந்தம்மாவுது. அவரு வண்டி ஓட்டறவரு."

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்கம்மா, தெரியாம நடந்துடுச்சு" என்று எழுந்து நின்றார். என் கணவருக்கு அதைவிடச் சிவந்தது. வண்டி ஓட்டறவரு என்ற வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போய் எதையோ தேடுவதுபோல ஒரு மணி நேரம் தேடினார். அந்த ஒரு மணி நேரத்தில் நானும் அந்த அம்மாவும் மிளகு விலையில் தொடங்கி மருமகள்கள் வரைக்கும் பேசிவிட்டோம். பாய் சும்மா உட்கார முடியாமல், மூலையில் கிடந்த என் பழைய சீரியல் செட்டை எடுத்து, எரியாத பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. போகும்போது, "நம்மள மறந்துடாதீங்கம்மா" என்றார்.

பன்னிரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் கூடினோம். எங்களில் மூத்தவர், உள்ளே ஒரு மலைக் கிராமத்தில் பாத்திரம் மட்டும் வாடகைக்கு விடுகிறவர், முதலில் உண்மையைச் சொன்னார்.

"நான் மூணு பேருக்கும் சரின்னுட்டேன்பா. அம்மாந் தூரத்துல இருந்து வந்தவங்கள வேற எப்டி அனுப்பறது?"

ஒவ்வொருவராக வெளியே வந்தது. பன்னிரண்டு பேரும் மூன்று பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தோம். நானும்தான். பந்தல்காரருக்கு என் சார்பில் என் கணவர் கொடுத்துவிட்டார், மற்ற இருவருக்கும் நான் கொடுத்தேன். வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேரும் தனித்தனியாக, வெள்ளிமலை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று போட்டிருந்தார்கள். பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். பயப்பட ஒன்றுமில்லை, சீட்டுதானே, மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இன்னொரு டீ குடித்தோம்.

இதற்கிடையில் என் கணவர் ஆளே மாறிப்போனார். தினமும் இஸ்திரி போட்ட சட்டை. பந்தல்காரர் இரண்டாவது முறை வந்தபோது காரின் முன்சீட்டில் உட்கார்ந்து மலை முழுக்க அவரைச் சுற்றிக் காட்டினார். சாப்பாட்டுக்கு மறுபடியும் எங்கள் வீடுதான். மறுபடியும் சான்றிதழுக்குக் கீழேதான் உட்கார்ந்தார்.

"ஏங்க," என்றேன், கார்கள் கிளம்பிய பிறகு. "ஓட்டு என்னுதுன்னு அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிக்கலாம். இன்னா அவசரம்?"

"எப்போ சொல்லுவீங்க?"

"அதுக்குன்னு ஒரு நேரம் வருமில்ல?"

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக்கூட மூடுபனி விலகவில்லை. ஓட்டுப்பதிவு எங்கள் கொட்டகையில். நாற்காலி, அண்டா, ஷாமியானா எல்லாம் அடுக்கி வைக்கிற தகரக் கொட்டகை அது. மூன்று பேரும் அவரவர் ஆட்களோடு வந்துவிட்டார்கள். பாயின் மனைவி இந்த முறை சால்வையோடு வந்திருந்தார். பந்தல்காரரின் ஆட்கள் வெடிகூட வாங்கி வைத்திருந்ததாகக் கேள்வி.

செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"சீட்டு அடிக்கலீங்க," என்றார். "சீட்டுன்னா அப்பறம் அது செல்லாது, இது கள்ள ஓட்டுன்னு ஒருத்தருக்கொருத்தர் வம்பு வரும். அமெரிக்காவுல அந்த மொத மாநிலத்துல இன்னா பண்ணுவாங்கன்னா, எல்லாரும் ஒரு ஹாலுக்கு வந்து, யாருக்கு ஓட்டோ அவங்க பக்கம் போயி நிப்பாங்க. தலைய எண்ணிட்டா முடிஞ்சுது. மூணு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில உக்காருங்க. மெம்பருங்க அவங்கவங்க ஆளுக்குப் பின்னால போயி நில்லுங்க."

பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மூத்தவரின் கண் என்னிடம் வந்து நின்றது. இதற்கு ஒரு வழி சொல்லு தாயே என்கிற பார்வை.

"சார், டீ ஆறிப்போவுது," என்றேன் செயலாளரிடம். "ஒரு வாய் குடிச்சுட்டு வந்து நிக்கறோமே?"

பின்பக்கம் அடுப்படியில் பன்னிரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். என் யோசனைதான், மறைக்கவில்லை. ஆளுக்கு நாலு. நாலு, நாலு, நாலு. மூன்று பேருக்கும் சமமாக விழுந்துவிட்டால் யாரும் யாரையும் நம்பிக்கைத் துரோகி என்று சொல்ல முடியாது. நாலு பேர் எனக்கு நின்றார்களே என்று ஒவ்வொருவரும் சந்தோஷப்படுவார்கள். அதைவிட முக்கியம், சமமாக வந்தால் மறுபடி ஓட்டு நடத்த வேண்டும். மறுபடி மூன்று பேரும் மலையேற வேண்டும்.

"மறுபடியும் வளைவ நேராக்கறேன்னு சொல்லுவாரு," என்றார் ஒருவர். அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தோம். யார் யாருக்குப் பின்னால் என்று விரல்விட்டுப் பிரித்தாயிற்று. என் கணவர் பந்தல்காரரின் காரில் சுற்றியவர் என்பதால், நான் பந்தல்காரர் பக்கம்.

பந்தல்காரரின் நாற்காலி வாசலுக்கு நேராக, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருந்தது. அவராகத் தேர்ந்தெடுத்த இடம். வாசல் வழியாகப் பனிக்காற்று ஊசி மாதிரி குத்திக்கொண்டிருந்தது. மற்றவர்கள் போய் நின்றுவிட்டார்கள். பாய்க்குப் பின்னால் நாலு. ரிஷிவந்தியத்துக்காரருக்குப் பின்னால் நாலு. பந்தல்காரருக்குப் பின்னால் மூன்று. நான்காவதாக நான் போய் நின்றேன்.

பந்தல்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்து, நல்லவிதமாகத்தான், சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இந்தம்மா டீ குடுக்கறவங்க. வழி மாறி வந்து நிக்குது. வூட்டுக்காரரக் கூப்பிடுங்க, அவருதான் நம்ம மெம்பரு."

செயலாளர் பதிவேட்டைப் புரட்டினார். விரலை வைத்துத் தேடினார். "இல்லீங்களே. மெம்பரு இந்தம்மாதான்."

"இன்னா சொல்றீங்க? நான் அவரு கையப் புடிச்சு..." அவர் என் கணவரைத் தேடினார். என் கணவர் கொட்டகையின் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் எத்தனை தகடு என்று எண்ணி முடித்திருப்பார்.

எனக்குக் கோபம் வந்ததா என்று பிறகு பல பேர் கேட்டார்கள். வந்தது. இரண்டு தடவை என் வீட்டில் சாப்பிட்டவர். ஆனால் கோபத்தில் என்ன செய்வது என்று யோசித்து எதையும் செய்யவில்லை. கால் அங்கே நிற்க மாட்டேன் என்றது, அவ்வளவுதான். நான் நகர்ந்தேன். பக்கத்தில் இருந்தது ரிஷிவந்தியத்துக்காரரின் நாற்காலி. அது அண்டா அடுக்கிய ஓரம். அங்கே காற்று வராது. போய் நின்றதும் கதகதப்பாக இருந்தது. பாயின் நாற்காலி எதிர்ச் சுவரோரம். அதுவரைக்கும் எல்லோர் முன்னாலும் நடந்து போக எனக்குக் கூச்சமாக இருந்தது. இதுதான் காரணம். என் கொள்கை, என் தைரியம், பெண்களின் எழுச்சி என்று ரிஷிவந்தியத்துக்காரர் பிறகு எல்லாக் கிளைகளிலும் பேசியதில் உண்மை எதுவும் இல்லை.

மூன்று, ஐந்து, நான்கு.

ஆளுக்கு நாலு என்று அடுப்படியில் சத்தியம் செய்த பதினோரு பேரும் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. செயலாளர் முடிவை அறிவித்தார். ரிஷிவந்தியத்துக்காரர் நன்றி சொல்ல எழுந்தார். அவர் முடிப்பதற்குள் பனி விலகி வெயில் வந்துவிட்டது.

பந்தல்காரரின் கார்கள் மலையடிவாரம் சேர்வதற்கு முன்பே செய்தி கீழே போய்விட்டது. எண்ணிப் பார்த்தால் இரண்டு ஓட்டுதான் வித்தியாசம். ஆனால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. "இருபது வருஷத் தலைவரு மலையில கடைசியாமே" என்பதுதான் பேச்சு. அவருடைய பலமே, எப்படியும் அவர்தான் ஜெயிப்பார் என்று எல்லோரும் நினைத்தது. அது போய்விட்டது. ரிஷிவந்தியத்துக்காரர் 'வெள்ளிமலை வென்ற வீரர்' என்று பேனர் அடித்துவிட்டார். பாய் பக்கமிருந்து சத்தமே இல்லை. அவருடைய ஆட்கள் மட்டும், "எங்க பாயும் வூட்டுக்காரம்மாவும் ரெண்டே பேருதான் ஓட்டுக் கேக்கப் போனாங்க, பந்தல்காரர முந்திட்டோம்ல?" என்று கடை கடையாகச் சொன்னார்களாம். ஆக, மலையில் இரண்டாவது வந்தவரும் ஜெயித்த கணக்காகிவிட்டது.

ரிஷிவந்தியத்தில் சொந்த ஊர்க்காரர் அள்ளினார். சின்னசேலத்தில் பாய் முந்தினார். இரண்டு இடத்திலும் பந்தல்காரர் மூன்றாவது. உளுந்தூர்பேட்டை ஓட்டுக்கு முதல் நாள் அவர் விலகிக்கொண்டு, தன் ஆட்கள் பாய்க்கு நிற்க வேண்டும் என்று அறிக்கை விட்டார். பாயின் மேல் பாசம் என்று சொல்ல முடியாது. மைக்கை நினைத்தே அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அந்த ஓட்டெல்லாம் சேர்ந்து, உளுந்தூர்பேட்டையையும் கள்ளக்குறிச்சியையும் பாய் எடுத்துக்கொண்டார். மாநிலத்தில் அவருக்குத் தலைவர் பதவி கிடைக்கவில்லை, துணைத் தலைவர் கொடுத்தார்கள். அவர் மனைவி எனக்குப் போன் போட்டு, "இனிமே மாசத்துல ரெண்டு தடவ சென்னைக்குப் போவணுமாம், நானும் போறேன்" என்று சொன்னார்.

என் கணவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "அவருகிட்ட நான் சொல்லியிருக்கலாம்" என்றார். "நானும் சொல்லியிருக்கலாம்" என்றேன். அது உண்மை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு அன்றைக்கு அந்த அவமானம் இல்லை. சொல்லாமல் விட்டதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. அது கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் ஷாமியானாத் துணி வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனபோது, நேராக அவர் கடைக்கே போனேன். மேலும் கீழும் பார்த்தார். உட்காரச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேம்மா. நீ மாறி நின்ன. சரி, அது என் தப்பு. மத்தவங்க ஏன் மாறினாங்க? பன்னெண்டு பேரும் எனக்குன்னு சொன்னீங்களே?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேருக்கும் வாக்குக் கொடுத்தது, அடுப்படி, ஆளுக்கு நாலு, மறு ஓட்டுக்கு மறுபடி மலையேற வைக்கும் திட்டம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அப்போ நான் எத்தினி தடவ உலக்கை புடிச்சிருந்தாலும் எனக்கு நாலுதான்?"

"ஆமாங்க. உங்களுக்குன்னு ஒதுக்கினது நாலு."

"இருவது வருஷமா சங்கம் நடத்திக்கினு கீறேன். எனக்குக் கத்துக்குடுக்க மலையில பன்னெண்டு பேரு இருந்திருக்கீங்க."

அடுத்த மாவட்டக் கூட்டத்தில் ஒரு தகராறு வந்தது. இனி எந்தத் தேர்தல் வந்தாலும் முதல் ஓட்டு யாருக்கு என்பதுதான் விஷயம். எப்போதும் வெள்ளிமலைக்கே என்றால் எப்படி, பன்னிரண்டு பேர் சேர்ந்து மாவட்டத்தையே ஆட்டி வைப்பதா என்று சின்னசேலம் கேட்டது. ரிஷிவந்தியமும் எனக்குத்தான் என்றது. நாங்கள் பன்னிரண்டு பேரும் கோரிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போயிருந்தோம். கூட்டத்துக்கு வரவே வராத என் கணவரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச என்னை எழுப்பிவிட்டார்கள்.

"சின்ன கிளைக்கு வந்தாத்தான் வூடு வூடா வருவாங்க," என்றேன். "பெரிய கிளைன்னா மேடை போட்டுப் பேசிட்டுப் போயிடுவாங்க. எங்க வூட்டுல உக்காந்து சாப்பிட்டாத்தான் ஆளு எப்டின்னு தெரியும்."

"எங்க வூட்டுலயும் சோறு போடுவோம்மா!" என்று சின்னசேலத்தில் ஒருவர் கத்தினார்.

பந்தல்காரர் எழுந்து எங்களுக்காகப் பேசினார். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சத்தம் அடங்கவில்லை. கடைசியில் செயலாளர் ஐந்து சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார். முதல் சீட்டு உளுந்தூர்பேட்டை. கேட்கவே கேட்காத ஊர். உளுந்தூர்பேட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர், "எங்களுக்கு இன்னா வேல?" என்று கேட்டார். இரண்டாவது சீட்டு வெள்ளிமலை.

மலை பஸ்ஸில் திரும்பினோம். பஸ் அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பித்த பிறகுதான், எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் மூத்தவர் திரும்பினார்.

"ஏம்மா, உளுந்தூர்பேட்டையில யாரு ஜெயிச்சாங்கன்னு நமக்கு முன்னாடியே தெரிஞ்சுடும், இல்ல?"

"தெரியும்."

"அவர நாம இங்க தோக்கடிச்சுட்டா, யாரு பெரியவருன்னு மறுபடியும் கொழப்பமாயிடும், இல்ல?"

"ஆமா."

"அப்போ அந்தப் பயத்துல நம்ம ஓட்டுக்கு முன்னாடி எல்லாரும் மறுபடி மேல வந்துதான ஆவணும்?"

என் கணவர் ஜன்னல் பக்கமிருந்து திரும்பி, "நல்லா கீதே!" என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன். அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.